கொள்ளைநோய்க் காலத்தில் மருத்துவரின் கல்வி

கல்லூரியில் பட்டம் பெறும் நாளோடு டாக்டரின் படிப்பு முடிந்துவிடுகிறது என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். செவிலியரின் படிப்பைப் பற்றியோ நாம் எண்ணிப் பார்ப்பதே இல்லை. உண்மை இதற்கு மாறானது. மருந்துகள் மாறுகின்றன, கருவிகள் மாறுகின்றன, நேற்று நன்மை தருவதாகக் கருதப்பட்ட சிகிச்சை இன்று பயனற்றதென்று தெரியவருகிறது. ஆகவேதான், 2002-ஆம் ஆண்டில் நம் நாட்டில் வகுக்கப்பெற்ற மருத்துவ ஒழுக்க விதிகள், ஒவ்வொரு மருத்துவரும் ஐந்தாண்டுகளுக்குள் குறைந்தது 30 மணி நேரமேனும் தொடர்கல்வி பெறவேண்டும் என்று கூறின.

சாதாரண காலத்தில் இக்கல்வி மூன்று வழிகளில் நடைபெறும். மாநாடுகளில் அறிஞர் உரை கேட்பது ஒன்று. பயிற்சிக்கூடங்களில் கருவிகளைக் கையாண்டு பழகுவது மற்றொன்று. மூத்தவரோடு நோயாளியின் கட்டிலருகே நின்று, அவர் செய்வதைக் கண்டு கற்பது மூன்றாவது. கொரோனாவின் காரணமாக 2020 மார்ச் 25-ஆம் நாள் நாடெங்கும் ஊரடங்கு தொடங்கியபோது, முதலிரண்டு வழிகளும் அடைபட்டன. மூன்றாவது வழியும் குறுகியது. ஆனால் கற்கவேண்டிய தேவையோ அன்றுதான் பன்மடங்காகப் பெருகிற்று. நோயோ எவரும் முன்பு கண்டறியாதது. கண் மருத்துவரும் தோல் மருத்துவரும் கொரோனா வார்டுக்கு அழைக்கப்பட்டனர். வேறு பிரிவுகளில் பணியாற்றிய செவிலியர், செயற்கைச் சுவாசக் கருவியின் அருகே நிற்க நேர்ந்தது.

இந்நிலையில் தொலைவழிக் கல்வி கைகொடுத்தது. மத்திய அரசு 2020 ஏப்ரலில், 'தீக்ஷா' என்னும் கல்வித் தளத்தின் வாயிலாக மருத்துவர், செவிலியர், சுகாதார ஊழியர் ஆகியோருக்குப் பாடங்களை வழங்கத் தொடங்கிற்று. அவ்வாண்டு ஜூலை 8-ஆம் நாள், டில்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகம் மற்றொரு திட்டத்தைத் தொடங்கியது. பிற நகரங்களின் பெரிய ஆஸ்பத்திரிகளில் தீவிர சிகிச்சைப் பிரிவில் பணிபுரிவோர், அக்கழகத்தின் நிபுணர்களைக் காணொளியில் கண்டு, தம்மிடமுள்ள நோயாளிகளைப் பற்றிக் கலந்து பேசலாயினர். முன்பு இத்தகைய ஆலோசனைக்கு விடுப்பும் இரயில் பயணமும் வேண்டியிருந்தன. தொலைவு குறைந்தது என்பது பெரிய நன்மையே.

எனினும், காதால் கேட்டுக் கற்பது வேறு. கையால் செய்து கற்பது வேறு. மூச்சுக்குழலுக்குள் குழாய் செலுத்தும் திறமையைத் திரையைப் பார்த்து மட்டும் பெற்றுவிட முடியாது. பாதுகாப்பு உடையைக் கழற்றுவதும் அத்தகையதே. அதன் வெளிப்புறம் நம் மேனியில் படலாகாது. ஒருவர் அருகில் நின்று முறை சொல்ல, பலமுறை செய்து பழகினாலன்றி அது கைவராது.

கையால் பழகும் இக்கல்வி தொடர்வதற்கு ஆட்களின் வரிசை அறுபடாதிருக்க வேண்டும். பெரிய ஆஸ்பத்திரிகளில் மேற்படிப்பு மாணவரே இரவும் பகலும் வார்டைக் காப்பவர். மூத்த வகுப்பினர் இளைய வகுப்பினருக்குக் கற்பிப்பர். 2021 ஏப்ரல் 18-இல் நடைபெறவிருந்த மேற்படிப்பு நுழைவுத் தேர்வு, நோய் மிகுந்தமையால் தள்ளிவைக்கப்பட்டுச் செப்டம்பர் 11-இல் நடந்தது. வழக்கு ஒன்றன் காரணமாக, இடங்களை வழங்கும் கலந்தாய்வு 2022 ஜனவரியில்தான் தொடங்கிற்று. புதிய வகுப்பு வராத அம்மாதங்களில், இருந்தவர்களே வராதவர்களின் வேலையையும் சுமந்தனர். ஓய்வற்ற உடலுக்குக் கற்கவும் கற்பிக்கவும் நேரம் ஏது?

இவற்றினும் கடினமான ஒன்றுண்டு. புதியதைக் கற்பதோடு, பழையதைக் கைவிடவும் கற்கவேண்டும். பிளாஸ்மா சிகிச்சையை எடுத்துக்கொள்வோம். நோயிலிருந்து மீண்டவரின் இரத்தத்திலிருந்து பிளாஸ்மாவைப் பிரித்தெடுத்து நோயாளிக்கு ஏற்றுவது அம்முறை. நம் நாட்டின் 39 ஆஸ்பத்திரிகளில் 464 நோயாளிகளிடம் நடந்த ஆய்வு, அதனால் நோய் முற்றுவதோ மரணமோ குறையவில்லை என்று 2020-ஆம் ஆண்டிலேயே காட்டிற்று. ஆயினும் 2021 மே மாதத்தில்தான் அது தேசிய சிகிச்சை நெறிமுறையிலிருந்து நீக்கப்பட்டது. இடையில் எத்தனையோ குடும்பங்கள் பிளாஸ்மா கொடுப்பவரைத் தேடி ஊரெல்லாம் அலைந்தன.

அரைகுறையாகக் கற்பதும் ஆபத்தே. டெக்ஸாமெத்தசோன் என்பது விலை மலிந்த ஸ்டீராய்டு மருந்து. பிராணவாயு தேவைப்படும் கொரோனா நோயாளிகளிடையே அது மரணத்தைக் குறைக்கிறது என்று 2020 ஜூனில் இங்கிலாந்தில் நடந்த ஆய்வு தெரிவித்தது. பிராணவாயு தேவைப்படாதவருக்கு அதனால் பயனில்லை என்றும் அதே ஆய்வு கூறிற்று. முதற்பாதி விரைந்து பரவியது; பிற்பாதி அவ்வளவாகப் பரவவில்லை. 2021-இன் இரண்டாம் அலையில், இலேசான நோய் கண்டவர்களும் ஸ்டீராய்டு உட்கொண்டனர். அம்மருந்து இரத்தத்தில் சர்க்கரையை உயர்த்தும். உடலின் எதிர்ப்புச் சக்தியைத் தாழ்த்தும். கட்டுக்கடங்காத நீரிழிவும் அதனோடு சேர்ந்தபோது கருப்புப் பூஞ்சை நோய் பரவிற்று. அதனால் கண்ணை இழந்தவர் உண்டு. உயிரை இழந்தவரும் உண்டு.

இங்கே செவிலியரை நினைத்துப் பார்க்கவேண்டும். சர்க்கரையை அளந்து பார்ப்பவர் யார்? குறித்த வேளையில் மருந்து கொடுப்பவர் யார்? பிராணவாயு அளவு குறைவதை முதலில் காண்பவர் யார்? அவரே அன்றோ! மருந்தின் அளவு மட்டுமின்றி, அதன் காரணத்தையும் அவர் அறிந்திருந்தால், தவறு நேருமுன் தடுக்க இயலும். ஆனால், பல மணி நேரம் பாதுகாப்பு உடையில் வெந்து வீடு திரும்பும் ஒருவரை, ஓய்வு நேரத்தில் விரிவுரை கேள் என்று சொல்வது நியாயமாகாது. படிக்கும் நேரமும் பணி நேரமாகவே கணக்கிடப்பட வேண்டும்.

அடுத்த கொள்ளைநோய் எப்பொழுது வரும் என்று எவராலும் கூற முடியாது. அது வருமுன்பே மாவட்டந்தோறும் பயிற்சிக்கூடம் வேண்டும்; சிகிச்சை முறை மாறிய செய்தி, கடைசிக் கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்தையும் உடனுக்குடன் எட்ட வழி வேண்டும். பொதுமக்களாகிய நமக்கும் ஒரு கடமையுண்டு. கேட்ட மருந்தை எழுதித் தராத டாக்டரை நாம் குறை கூறலாகாது. போன மாதம் தந்த மருந்தை இம்மாதம் அவர் நிறுத்தினால், ஏன் என்று கேட்போம். அவர் கூறும் காரணத்தைப் பொறுமையோடு செவிமடுப்போம். அவர் தொடர்ந்து படித்து வருகிறார் என்பதற்கு அதுவே அடையாளமாக இருக்கக்கூடும்.