முதல் சரக்கில் வாங்கிய பெயர் இரண்டாம் சரக்கில் நிலைக்குமா?

ஒரு சரக்கு நன்றாக ஓடிவிட்டால் வியாபாரிக்கு அடுத்த கவலை ஆரம்பமாகிவிடும். அடுத்த தடவையும் அதையே போடுவதா? அதைவிட உயர்ந்ததைப் போடுவதா? அல்லது விலையைக் குறைத்து எல்லோருக்கும் இலகுவான ஒன்றைப் போடுவதா?

கினிகத்தேனை கடைவீதியில் தேயிலைத்தூள் விற்கும் எவரையும் கேட்டுப் பாருங்கள். போன மாதம் கொண்டுபோன தூளின் சாயமும் மணமும் நாக்கில் நிற்க, இந்த மாதத்துப் பொட்டலத்தைக் கையில் பிடித்துக்கொண்டு "முந்தின தூள் மாதிரி இல்லையே முதலாளி" என்று ஒருவர் வந்து நிற்பார். புதிய தூள் முந்தியதைவிடத் தரமானதாகக்கூட இருக்கலாம். ஆனால் அவர் கையில் ஓர் அளவுகோல் இருக்கிறது. அதை அவருக்குக் கொடுத்தவரே நாம்தான்!

இந்த விடயத்தை விளக்க இம்முறை நான் எடுத்துக்கொள்ளும் உதாரணம் ஒரு கணனி விளையாட்டு. 'விளையாட்டுக்கும் வியாபாரத்துக்கும் என்னப்பா சம்பந்தம்?' என்று சிலர் முகம் சுளிக்கலாம். கினிகத்தேனையில் கணனியும் அதன் உதிரிப் பாகங்களும் விற்றுப் பிழைப்பவன் நான். விளையாடுகிறவர்கள் கடையில் நின்று பேசும் பேச்சைப் பல வருடங்களாகக் கேட்டு வருகிறேன். ஒரு சரக்கைப் பற்றி வாடிக்கையாளர் இவ்வளவு நுணுக்கமாகப் பேசுவதை வேறு எந்த வியாபாரத்திலும் நான் கண்டதில்லை.

சத்தமில்லாமல் வென்ற முதல் பாகம்

அமெரிக்காவின் வொஷிங்டன் மாநிலத்தில் ஸ்போகேன் என்றொரு நகரம். அப்பகுதியில் ரேண்ட் மில்லர், ரொபின் மில்லர் என்ற இரு சகோதரர்கள் 'சயன்' என்ற சிறிய கம்பனியை நடத்தி வந்தார்கள். ஆரம்பத்தில் சிறுவர்களுக்கான விளையாட்டுகளையே செய்தார்கள். 1993 செப்டெம்பரில் பெரியவர்களையும் மனதில் வைத்து 'மிஸ்ட்' என்ற புதிர் விளையாட்டை வெளியிட்டார்கள்.

அதில் துப்பாக்கி இல்லை, வாள் இல்லை, துரத்தி வரும் எதிரியும் இல்லை. ஆளில்லாத ஒரு தீவில் நீங்கள் தனியே நிற்கிறீர்கள். அங்குள்ள புத்தகங்களை வாசித்து, இயந்திரங்களைத் திருகிப் பார்த்து, இது எப்படி வேலை செய்கிறது, இங்கே என்ன நடந்தது என்று நீங்களாகவே கண்டுபிடிக்க வேண்டும். குறிப்பெடுத்துக்கொள்ள வெற்றுக் கொப்பி ஒன்றையும் பெட்டிக்குள்ளேயே வைத்துக் கொடுத்தார்கள். வாங்குகிறவரின் மூளையை மதித்துச் செய்த சரக்கு என்பதை அந்தக் கொப்பியே சொல்லிவிட்டது.

கணனி விளையாட்டு என்றால் பையன்களின் சமாசாரம் என்றிருந்த காலத்தில், அந்தப் பக்கமே வராத பெரியவர்களும் பெண்களும் இதை வாங்கினார்கள். இறுவட்டுக் கருவி வீடுகளுக்குள் நுழைய இந்த விளையாட்டும் ஒரு காரணம் என்று சொல்வார்கள். மொத்தம் 60 இலட்சத்துக்கும் மேற்பட்ட பிரதிகள் விற்பனையாகின. 2002ஆம் ஆண்டில் 'த சிம்ஸ்' என்ற விளையாட்டு முந்தும்வரை, கணனி விளையாட்டுகளில் அதிகம் விற்றது இதுதான்.

இப்போது அந்தச் சகோதரர்களின் இடத்தில் நம்மை வைத்துப் பார்ப்போம். வாடிக்கையாளர் கதவைத் தட்டுகிறார். அடுத்தது எங்கே என்று கேட்கிறார். அவசரமாக இன்னொரு தீவையும் நாலைந்து புதிர்களையும் போட்டு அடுத்த வருடமே விற்றிருக்கலாம். அவர்கள் அப்படிச் செய்யவில்லை. டிஸ்னியின் 'அலாதீன்' படத்தில் பணிபுரிந்த ரிச்சர்ட் வாண்டர் வெண்ட் என்ற கலைஞரையும் சேர்த்துக்கொண்டு ஏறத்தாழ நான்கு வருடம் உழைத்தார்கள். 1997 ஒக்டோபர் இறுதியில் 'ரிவன்' வெளிவந்தது. ஐந்து தீவுகள், ஐந்து இறுவட்டுகள்!

மூன்று விதமான பேச்சு

ரிவனைப் பற்றி விளையாடியவர்கள் சொன்ன கருத்துகளை மூன்று கூறாகப் பிரிக்கலாம். நமக்குப் பாடம் இங்கேதான் இருக்கிறது.

முதலாவது கூட்டம், 'முந்தியதைவிட இதுதான் உயர்ந்தது' என்றது. காரணமும் சொன்னது. மிஸ்டில் பல புதிர்கள் கதவில் மாட்டிய பூட்டுப்போல் தனியாகத் தெரிந்தன. ரிவனில் புதிரே அந்த ஊரின் வாழ்க்கை. உதாரணத்துக்கு ஒன்று. அங்குள்ளவர்களின் எண்கள் நமக்குப் புரியாதவை. நாம் பத்தை வைத்து எண்ணுவதுபோல அவர்கள் இருபத்தைந்தை வைத்து எண்ணுகிறார்கள். அதை யாரும் நமக்கு விளக்குவதில்லை. ஆனால் ஒரு தீவில் சிறுவர்களின் பள்ளிக்கூடம் ஒன்று இருக்கிறது. அங்கே ஒரு விளையாட்டுச் சாமான். அதை இயக்கினால் ஓர் எண் தோன்றும். கயிற்றில் தொங்கும் சின்ன மனித உருவம் அந்த எண்ணுக்குரிய படிகள் கீழே இறங்கும். கீழே ஒரு கடல் மிருகம் வாயைத் திறந்துகொண்டு நிற்கும்! அந்த ஊர்ப் பிள்ளை எப்படிக் கணக்குப் படித்ததோ, அப்படியே நாமும் படிக்கிறோம். அதோடு, அந்த ஊரை ஆள்பவன் எப்படிப்பட்டவன் என்பதும் நமக்குத் தெரிந்துவிடுகிறது. இதை ரசித்தவர்கள் கடைசிவரை மறக்கவில்லை.

இரண்டாவது கூட்டம், 'மிகக் கஷ்டம்' என்று பாதியில் விட்டது. ஒரு தீவில் கேட்ட மிருகத்தின் ஒலியை வேறிடத்தில் கண்ட உருவத்தோடு பொருத்த வேண்டும். ஒரு வரைபடத்தில் கண்ட இடத்தை இன்னொரு தீவில் உள்ள கட்டப் பலகையில் நிறக் கோலிகளால் குறிக்க வேண்டும். வழியில் ஒரு சின்னத் துப்பைத் தவறவிட்டால் வாரக்கணக்கில் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டியதுதான். முதல் பாகத்தை முடித்த பெருமையோடு வந்தவர்களிலும் பலர் இங்கே தோற்றுப் போனார்கள்.

மூன்றாவது கூட்டத்துக்கு விளையாட்டின்மேல் ஒரு குறையும் இல்லை. இறுவட்டின்மேல்தான் கோபம். ஒரு தீவிலிருந்து அடுத்த தீவுக்குப் போகும்போது கணனி நின்றுவிடும். அடுத்த வட்டைப் போடு என்று கேட்கும். துப்போ தீவுக்குத் தீவு சிதறிக் கிடக்கிறது. போவதும் வருவதுமாக இருப்பவர் வட்டை மாற்றி மாற்றியே களைத்துப் போனார். எனது கடைக்கு வரும் ஓர் ஆசிரியர் கொப்பியும் பென்சிலுமாக இருந்து ரிவனை முடித்தவர். கஷ்டமான புதிரைப் பற்றிப் பேசும்போது அவர் முகம் மலரும். வட்டு மாற்றியதைப் பற்றிப் பேசினால் இன்றும் எரிச்சல்தான்!

எந்தக் குறை சரக்கின் குறை?

வியாபாரச் சகோதரர்களே, இந்த இரண்டு முறைப்பாடுகளையும் ஒரே தட்டில் வைத்துவிடக் கூடாது. கஷ்டம் என்பது அந்தச் சரக்கின் குணம். அதை எடுத்துவிட்டால் முதல் கூட்டம் எதற்காகக் காசு கொடுத்ததோ அதுவே போய்விடும். வட்டு மாற்றுவது சரக்கின் குணமல்ல. சரக்கைச் சுற்றியிருக்கும் தொல்லை. அது இல்லாமற்போனால் யாரும் வருந்தப் போவதில்லை.

பின்னர் நடந்ததும் அதுதான். ரிவன் ஒரே டிவிடியிலும் வந்தது. வட்டு மாற்றும் தொல்லை தீர்ந்தது. கஷ்டத்தைக் குறைக்கவில்லை. திணறுகிறவர்களுக்கு விடை சொல்லும் கைநூல்கள் தனியாகக் கடைக்கு வந்தன. வேண்டியவர் வாங்கிக்கொண்டார், வேண்டாதவர் தானே மல்லுக்கட்டினார்.

கணக்கையும் பார்த்துவிடுவோம். 2001ஆம் ஆண்டளவில் ரிவன் 45 இலட்சம் பிரதிகள் விற்றிருந்தது. பெரிய வெற்றிதான். ஆனாலும் முதல் பாகத்தைத் தொடவில்லை. உயர்ந்த சரக்கு என்று பெயரெடுத்தது குறைவாக விற்றது. இரண்டாவது கூட்டம் வாய்மூடிப் போனதற்கான விலை இது என்பது என் கணிப்பு. குறை சொல்கிறவர் மறுபடி வருவார் என்ற நம்பிக்கையாவது உண்டு. சொல்லாமல் போகிறவரைத் தேடிப் பிடிப்பது எப்படி?

புகழை நம்பி வாடகை கொடுக்க முடியுமா?

ரிவன் முடிந்ததும் தம்பி ரொபின் கம்பனியை விட்டு விலகினார். 2001இல் வந்த மூன்றாம் பாகத்தை வேறொரு நிறுவனம் செய்தது. சயன் கம்பனியோ வேறொரு பெரிய கனவில் இறங்கியது. 'யூரு' என்ற பெயரில் பலர் ஒன்றாக இணையத்தில் நுழைந்து விளையாடும் உலகம் ஒன்றைக் கட்டியது. 2003இல் தனியாள் விளையாடும் பகுதி வெளிவந்தது. இணையப் பகுதியோ போதிய சந்தாதாரர் சேராததால் 2004 பெப்ரவரியில் நிறுத்தப்பட்டது. 2005இல் ஐந்தாம் பாகம் வெளிவந்த சமயத்தில் ஊழியர்களில் பெரும்பாலோரை வீட்டுக்கு அனுப்பும் நிலை வந்தது. சில வாரங்களில் திரும்ப அழைத்துக்கொண்டார்கள்.

அந்த உலகத்தை நேசித்தவர்களின் நேசத்தில் குறையில்லை. ஆனால் மாதா மாதம் சந்தா கட்டி அதைத் தூக்கி நிறுத்த அவர்களின் எண்ணிக்கை போதவில்லை. 'ஊரெல்லாம் நம்ம கடையைத்தான் புகழ்கிறது' என்று சொல்லிக் கடன் வாங்கி இரண்டாவது கடை திறக்கிறவர்கள் இந்த இடத்தில் சற்று நின்று யோசிக்க வேண்டும். புகழ்கிறவர்கள் எத்தனை பேர்? மாதத்தில் எத்தனை தடவை வருகிறார்கள்? எவ்வளவுக்கு வாங்குகிறார்கள்?

குறை சொன்னவர்களே கட்டிய மூன்றாவது மாடி

இனி நடந்ததுதான் எனக்கு இந்தக் கதையில் மிகப் பிடித்தது. ரிவன் படங்களாகச் செய்யப்பட்ட விளையாட்டு. ஒரு படத்தைத் தட்டினால் அடுத்த படம் வரும். விரும்பியபடி நடக்க முடியாது. காலம் மாறியபோது இதுவும் ஒரு குறையாகப் பேசப்பட்டது. அப்படிப் பேசியவர்களில் சிலர் பேச்சோடு நிற்கவில்லை. கூலி வாங்காமல் தாங்களே கூடி, நடந்து திரியக்கூடியதாக அந்தத் தீவுகளை மறுபடி கட்ட ஆரம்பித்தார்கள். பல வருடம் இந்த வேலை நடந்தது. கம்பனி அவர்கள்மேல் வழக்குப் போடவில்லை. பிற்காலத்தில் அவர்களோடு கைகோத்துத் தானே அந்த வேலையைப் பொறுப்பேற்றது.

காசு விடயத்திலும் பழைய வாடிக்கையாளர்களே கைகொடுத்தார்கள். மிஸ்டின் 25ஆவது ஆண்டு நிறைவையொட்டி 2018இல், பழைய பாகங்கள் அனைத்தையும் ஒரு தொகுப்பாக வெளியிட முன்பணம் கேட்டார்கள். ஏறத்தாழ 28 இலட்சம் டொலர் சேர்ந்தது. கையில் சரக்கு வருமுன் காசு கொடுக்கிறவன் சாதாரண வாடிக்கையாளன் அல்ல. அவன் நமது பங்காளி.

2024 ஜூன் 25ஆம் திகதி புதிய ரிவன் வெளியானது. மறுபடியும் கருத்துகள் கிளம்பின! விரும்பிய பக்கம் நடக்க முடிகிறது என்று மகிழ்ந்தார்கள். பழைய புதிர்கள் சிலவற்றை மாற்றியிருந்ததால் விடை தெரிந்த பழையவர்களும் புதிதாக யோசிக்க வேண்டியதாயிற்று. இதைப் பலர் பாராட்டினார்கள். முந்திய பாகத்தில் உண்மையான நடிகர்கள் தோன்றிய இடத்தில் இப்போது கணனியால் செய்த உருவங்கள் வந்ததைச் சிலர் ஏற்றுக்கொள்ளவில்லை. 27 வருடத்துக்குப் பிறகும் அதே அளவுகோலைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தார்கள்.

இதோடு எல்லாம் சுபமாக முடிந்தது என்று எழுதினால் அது வியாபாரப் பத்தியாகாது. 2025 மார்ச்சில் சயன் கம்பனி 12 ஊழியர்களை நிறுத்தியது. மொத்த ஆட்களில் ஏறத்தாழப் பாதி. நல்ல சரக்கு, விசுவாசமான வாடிக்கையாளர், நல்ல பெயர் எல்லாம் இருந்தும் அடுத்த வேலைக்கு முதல் தேடுவது தனியான போராட்டம்.

நமது கடைவீதிக்கு வருவோம்

கினிகத்தேனையில் நமக்கு இரண்டு விதமான வாடிக்கையாளர்கள். அவிசாவளை – ஹட்டன் வீதியில் பஸ்ஸிலும் வேனிலும் போகிறவர் ஒருவர். மழைக்கு ஒதுங்கி, ஒரு தேநீர் குடித்து, கண்ணில் பட்டதை வாங்கிக்கொண்டு போய்விடுவார். மற்றவர் சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்தும் கிராமங்களிலிருந்தும் சம்பளத்தோடு மாதா மாதம் வருகிறவர். முன்னவர் குறை சொல்ல மாட்டார்; அவருக்கு நேரமில்லை. பின்னவர் சொல்லிக்கொண்டே இருப்பார். நமக்குக் கோபம் வருவதும் அவர்மேல்தான். ஆனால் நமது முதல் சரக்கின் அளவுகோல் இருப்பது அவர் கையில்.

நாவலப்பிட்டியிலோ ஹட்டனிலோ கிளை திறக்க எண்ணுகிறவர்களும், ஓடும் சரக்கை மாற்ற யோசிக்கிறவர்களும் ஒரு காரியம் செய்யுங்கள். கடன் கொப்பிக்குப் பக்கத்தில் இன்னொரு கொப்பியை வையுங்கள். ஒரு மாதத்துக்கு வருகிற குறைகளைச் சொன்னவரின் வார்த்தையிலேயே எழுதுங்கள். மாத முடிவில் ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு கேள்வி: இதை நீக்கினால் நமது நல்ல வாடிக்கையாளர் யாராவது வருந்துவாரா? வருந்த மாட்டார் என்றால் அது வட்டு மாற்றும் தொல்லை. சில்லறை இல்லை என்பது, பில் போடத் தாமதம், பொதி கிழிவது, கடையில் ஆளில்லாத நேரம் எல்லாம் இந்த வகை. நாளைக்கே நீக்கிவிடலாம். வருந்துவார் என்றால் அது சரக்கின் குணம். அதில் கைவைக்குமுன் பத்துத் தடவை யோசியுங்கள். தேவையானவருக்கு உதவியை வேறு வழியில் கொடுங்கள்.

அத்தோடு கொப்பியின் கடைசிப் பக்கத்தில் இன்னொரு பட்டியலும் இருக்கட்டும். முன்பு மாதா மாதம் வந்து, இப்போது வராதவர்களின் பெயர்கள். அவர்கள் ஒன்றும் சொல்லாமல் போனவர்கள். அடுத்த தடவை சந்தியில் கண்டால் நாமாகவே போய்ச் சலாம் சொல்லிக் கேட்டுவிட வேண்டியதுதான்.