ஒரு மில்லிமீட்டர் கோணல்

இரண்டு அலுமினியக் குழாய், ஒரு கண்டு நைலான் நூல், ஓர் எஃகு ஸ்கேல். மாஸ்டா எம்எக்ஸ்-5 கார் வைத்திருப்பவர்களில் பலர் வீட்டுக் கொட்டகையில் வீல் அலைன்மென்ட் பார்க்க இவ்வளவுதான் வைத்திருக்கிறார்கள். 1989-இல் சிகாகோ கண்காட்சியில் அறிமுகமான இந்த இரண்டு இருக்கை ஜப்பானியக் கார், சொந்தக் கையால் வேலை பார்ப்பவர்களுக்கு வாய்த்த வரம். முதல் தலைமுறைக் காரில் நான்கு சக்கரங்களையும் மேலும் கீழும் கைபோல் பிடித்திருப்பவை விஷ்போன்கள். கீழ்க் கைகளின் உள்முனை போல்ட்டில் மையம் விலகிய வட்டு இருப்பதால், அதைத் திருகினாலே சக்கரத்தின் சாய்வு மாறும்.

குட்டை ஸ்பிரிங் போட்டுக் காரை 3 செ.மீ. இறக்கியதும் சக்கரங்களின் கோணங்கள் கலைந்துவிடுகின்றன. மேல் கை கீழ்க் கையைவிடக் குட்டை. பாடி கீழே இறங்க, குட்டைக் கை சின்ன வட்டத்தில் சுழன்று சக்கரத்தின் தலையை உள்ளே இழுக்கிறது. இது நெகட்டிவ் கேம்பர். ஸ்டியரிங்கிலிருந்து வரும் டை ராடின் வளைவு விஷ்போன்களின் வளைவோடு அச்சாகப் பொருந்தாததால், சக்கரத்தின் மூக்கும் சற்றே திரும்புகிறது. இது டோ.

கேம்பர் கண்ணுக்குத் தெரிவதால் பலரும் அதற்குத்தான் அஞ்சுகிறார்கள். வளைவில் பிடிமானம் வேண்டி 1 முதல் 1.5 டிகிரி வரை வேண்டுமென்றே விட்டுவைப்பவர்களும் உண்டு. ஆனால் டயரை வேகமாகத் தின்பது டோதான். ரிம்மின் குறுக்களவு 38 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். அதன் முன்னோரமும் பின்னோரமும் 1 மி.மீ. மாறியிருந்தால் கோணம் வெறும் 0.15 டிகிரி. இரு முன்சக்கரங்களும் எதிரெதிராக அப்படித் திரும்பியிருந்தால் கார் நேராகத்தான் ஓடும். ஆனால் கிலோமீட்டருக்கு 2.6 மீட்டர் வீதம் ஒவ்வொரு டயரும் பக்கவாட்டில் இழுபடும். தாழ்த்திய காரில் டயரின் உள்விளிம்பு மட்டும் மொட்டையாவது பெரும்பாலும் இதனால்தான்.

அந்த 1 மி.மீ.யை நூல் காட்டிக்கொடுக்கும். பந்தயக் குழுக்களும் இதையே நம்புகின்றன.

முதலில் தரை. நாலு சக்கரமும் ஒரே மட்டத்தில் நிற்கிறதா என்று பார்க்க, கொத்தனாரின் தண்ணீர் டியூப் போதும். ஓட்டுநர் இருக்கையில் அவர் எடைக்கு மணல் மூட்டை. ஜாக்கிலிருந்து இறக்கிய டயர் தரையைக் கவ்விக்கொண்டு பொய்க்கோணம் காட்டும். அதனால் ஒவ்வொன்றின் அடியிலும் இடையே கிரீஸ் தடவிய இரண்டு பிளாஸ்டிக் பலகைகளை வைக்கிறார்கள். கேம்பருக்குத் தூக்குக்குண்டு: ரிம்மின் மேலோரமும் கீழோரமும் 6.6 மி.மீ. மாறினால் 1 டிகிரி.

குழாய்களைக் காரின் முன்னும் பின்னும் குறுக்காக நிறுத்தி, சக்கர மையத்தின் உயரத்தில் இருபுறமும் நூல் கட்ட வேண்டும். பலர் சறுக்குவது இங்கேதான். பின்டயரை ஒட்டி நூலை நீட்டிவிடுகிறார்கள். முதல் தலைமுறை எம்எக்ஸ்-5-இல் பின்சக்கரங்களின் இடைவெளி முன்னதைவிட ஏறக்குறைய 2 செ.மீ. அகலம். ஆகவே முன்சக்கர மையத்திலிருந்து நூல் ஒரு பக்கத்துக்குச் சுமார் 1 செ.மீ. கூடுதலாக விலகியிருந்தால்தான் அது காரின் நடுக்கோட்டுக்கு இணை.

பின்சக்கரங்களைத்தான் முதலில் சரிசெய்ய வேண்டும். கார் போகும் திசையை முடிவு செய்பவை அவை. பிறகு ஸ்டியரிங்கை நேராகக் கட்டிவைத்து, இரு டை ராடுகளையும் கால் கால் சுற்றாகத் திருக வேண்டும். லாக் நட்டை இறுக்கும்போதே ராடு சற்று உருண்டுவிடும். காரை நாலடி முன்னும் பின்னும் உருட்டி மறுபடி அளக்கும்போது அரை மில்லிமீட்டர் நகர்ந்திருந்தால், நட்டைத் தளர்த்தி மீண்டும் முதலிலிருந்து.