தள்ளுபடிக்குப் பிறகு எந்த வாசல்?

அமெரிக்காவில் மத்திய அரசு ஊழியர் ஒருவரை வேலையை விட்டு நீக்கிடறாங்க. காரணம் இனப் பாகுபாடுதான் என்று அவர் நம்புகிறார். இப்படிப்பட்ட வேலை நீக்கங்களை எதிர்த்து முறையிட ‘எம்எஸ்பிபி’ என்று ஒரு வாரியம் இருக்கு. அங்கே போனா, ‘இது எங்கள் அதிகார வரம்புக்குள் வராது’ என்று தள்ளுபடி. பாகுபாடு நடந்ததா இல்லையா என்று யாரும் விசாரிக்கவே இல்லை, கவனிங்க. நம்ம பாஷையில் சொன்னா, முதல் வரியிலேயே ரிட்டர்ன். மிச்ச கோட் ஓடவே இல்லை.

இனி இரண்டு வாசல் தெரியும். ஒன்று, ஃபெடரல் சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றம். வாரியத்தின் முடிவுகள் பெரும்பாலும் அங்கேதான் போகும். ஆனா பாகுபாட்டுப் புகாரை அது விசாரிக்காது. அந்தப் புகாரைக் கைவிடுகிறேன் என்று எழுதிக் கொடுக்கணும். எதுக்காக இவ்வளவு நாள் அலைந்தோமோ, அதையே செருப்பு மாதிரி வாசலில் கழற்றி வச்சுட்டுப் போகணும்! இன்னொன்று, மத்திய மாவட்ட நீதிமன்றம். நம்ம ஊர் ஜில்லா கோர்ட்டோட குழப்பிக்காதீங்க; அங்கே இது மத்திய அரசுச் சட்ட வழக்குகளின் விசாரணை நீதிமன்றம். பாகுபாட்டைப் புதுசா, முதலிலிருந்து விசாரிப்பாங்க.

ஆன்டனி பெரி வழக்கில் சண்டையே இந்த இரண்டில் எது என்பதுதான். மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறையில் வேலை பார்த்தவர். 30 நாள் சஸ்பென்ஷன், முன்கூட்டியே ஓய்வு என்று சமரச ஒப்பந்தத்தில் கையெழுத்து போட்டார். பிறகு, அது வற்புறுத்தி வாங்கியது, தனக்கு இனம், வயது, உடல் குறைபாடு காரணமாகப் பாகுபாடு நடந்தது என்று முறையிட்டார். ‘நீங்களாகவே ஒத்துக்கிட்டதுதானே’ என்று வாரியம் தள்ளிவிட்டது. வாஷிங்டனில் இருந்த மேல்முறையீட்டு நீதிமன்றமோ, ஃபெடரல் சர்க்யூட்டுக்குப் போங்க என்றது. 2017 ஜூனில் உச்ச நீதிமன்றம் 7-க்கு 2 என்ற கணக்கில் இதை மாற்றியது. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி கின்ஸ்பர்க். கால தாமதம் போன்ற நடைமுறைக் காரணத்துக்காகத் தள்ளினாலும் மாவட்ட நீதிமன்றம்தான் என்று 2012-இலேயே ஒரு தீர்ப்பு இருந்தது. அதிகார வரம்பு இல்லை என்று தள்ளினாலும் அப்படித்தான் என்று இது சொன்னது.

இதனால் பெரி ஜெயிச்சுட்டார்னு அர்த்தமில்லை. சரியான வாசல் கிடைச்சது, அவ்வளவுதான். வருஷக்கணக்கா நடந்த இந்த வாதத்தில் அவர் புகாரின் உண்மை பொய்க்குள் யாரும் போகவே இல்லை. எனக்கு இதுதான் உறுத்துது.

அடுத்து, தேதி. ஃபெடரல் சர்க்யூட்டுக்கு 60 நாள் அவகாசம். பாகுபாட்டு வழக்கோட மாவட்ட நீதிமன்றம் போறவங்களுக்கு வாரியத்தின் முடிவு கைக்கு வந்ததிலிருந்து 30 நாள்தான். 60 என்ற எண்ணை மட்டும் மனசில் வச்சிருந்தா மாட்டிக்குவீங்க. பிரதிவாதியாகத் துறையின் தலைவர் பெயரைப் போடணும், மேலதிகாரி பெயரை இல்லை. மாவட்ட நீதிமன்றமும் தள்ளுபடி செய்தா, அந்தத் தீர்ப்பை எதிர்த்து அந்தப் பகுதியின் மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போக 60 நாள் உண்டு.