ஓர் அங்குலம் கூடினால்

1964-ல் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில் உருவான முதல் போர்ஷ் 911 கார்களின் சக்கரத்தைக் குனிந்து பார்த்தால் இன்றைக்கு நம்ப முடியாது. ரிம்மின் அகலம் 4.5 அங்குலம்தான். அதில் ஏறியிருந்த டயரின் அகலம் 165 மில்லிமீட்டர். இன்று நம் தெருவில் போகும் சின்னக் குடும்பக் கார்களிலும் இதே அகலத்தில் டயர் உண்டு. மணிக்கு 200 கிலோமீட்டரைத் தாண்டிப் பறக்கும் ஸ்போர்ட்ஸ் கார், அந்த ஒல்லியான நாலு டயர்களை நம்பித்தான் ஓடியது.

பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்குபவருக்கு முதலில் கை அரிப்பதும் இந்த இடத்தில்தான். கொஞ்சம் அகலமான அலாய் வீல், அதற்கேற்ற டயர் போட்டுவிட்டால் கார் தரையைக் கவ்விக்கொண்டு நிற்கும், பார்க்கவும் மிடுக்காக இருக்கும். ஆசையில் தவறில்லை. ஆனால் சக்கரம் மட்டும் தனியாக மாறுவதில்லை. ஸ்டியரிங், பேரிங், மட்கார்டு, ஸ்பீடோமீட்டர் எல்லாம் கூடவே மாறுகின்றன.

அகலமான டயர் என்றால் தரையில் படும் ரப்பர் பல மடங்கு கூடும் என்று பலர் நினைக்கிறார்கள். ஒரு டன் எடையுள்ள காரில் ஒரு சக்கரத்தின் மேல் ஏறக்குறைய 250 கிலோ இறங்குகிறது. டயருக்குள் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 கிலோ அழுத்தத்தில் காற்று இருந்தால், தரையில் படியும் பரப்பு சுமார் 125 சதுர சென்டிமீட்டர். ஓர் அஞ்சலட்டை அளவு. அதே காற்றழுத்தத்தில் அகலமான டயரை மாட்டினாலும் இந்தப் பரப்பு பெரிதாகக் கூடிவிடாது, வடிவம்தான் மாறும். நீளவாட்டில் கிடந்த அஞ்சலட்டையைக் குறுக்காகத் திருப்பி வைத்தது போல. வளைவில் காரின் எடை பக்கவாட்டில் தள்ளும்போது இந்தக் குறுக்கு வடிவம் நன்றாகத் தாங்கும். ஸ்டியரிங்கைத் திருப்பியதும் கார் உடனே கேட்கும். அகல டயரின் உண்மையான லாபம் இதுதான்.

நஷ்டம் மழையில் தெரியும். எடை குறைந்த காரில் அகல டயர் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போகாமல் அதன் மேல் மிதக்கத் தொடங்கிவிடும். ஒல்லி டயர் வழுக்கப் போகிறது என்றால் முன்கூட்டியே கீச்சிட்டு எச்சரிக்கும். அகல டயர் கடைசிவரை பிடித்துவிட்டுச் சட்டென்று விட்டுவிடும். பழைய கார் ஓட்டுபவர்கள் இந்த வித்தியாசத்தை அறிந்திருப்பது உயிரோடு சம்பந்தப்பட்ட விஷயம்.

சக்கரத்தை அகலமாக்கும் பாதையைப் போர்ஷ் தொழிற்சாலையே எப்படிக் கடந்தது என்று பார்ப்பது நல்லது. 911-ன் எஞ்சின் பின் அச்சுக்கும் பின்னால் தொங்குகிறது. ஆரம்ப கால கார்களில் வளைவில் பின்பக்கம் வெளியே வீசும் பழக்கம் இருந்ததால், முன் பம்பரின் இரு மூலைகளிலும் தலா 11 கிலோ இரும்பு எடையை ஒளித்து வைத்தார்கள். 1967 மாடல் 911 எஸ் காரில் புகழ்பெற்ற ஃபுக்ஸ் வீல் வந்தது. அலுமினியத்தை அழுத்தி அடித்து உருவாக்கிய, இலேசான, ஐந்து இதழ் கொண்ட வீல். அதன் அகலமும் முதலில் 4.5 அங்குலம்தான், பிறகு 5.5, அதன்பின் 6 என்று படிப்படியாகத்தான் கூட்டினார்கள். 1969 மாடலில் முன் பின் சக்கரங்களுக்கு இடையிலான தூரத்தையே 57 மில்லிமீட்டர் நீட்டினார்கள்.

1973-ன் காரெரா ஆர்எஸ் 2.7 காரில்தான் முன்னால் 6 அங்குலம், பின்னால் 7 அங்குலம் என்று இரண்டு அளவு வந்தது. அதற்காகப் பின் மட்கார்டையே அகலமாக்கினார்கள். டயர்களின் கணக்கைப் பாருங்கள்: முன்னால் 185/70, பின்னால் 215/60, இரண்டும் 15 அங்குல ரிம். முதல் எண் டயரின் அகலம். இரண்டாவது, பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் என்பது. கணக்குப் போட்டால் முன் டயரின் முழு விட்டம் 640 மில்லிமீட்டர், பின் டயரின் விட்டம் 639. அகலம் 30 மில்லிமீட்டர் கூடியும் உயரம் மாறவில்லை. டயர் மாற்ற நினைக்கும் ஒவ்வொருவரும் மனதில் வைக்க வேண்டிய கணக்கு இது.

எல்லோரிடமும் போர்ஷ் இருக்காது. உலகில் அதிகம் பேர் ஆசையாக வைத்திருக்கும் பழைய ஸ்போர்ட்ஸ் கார்களில் ஒன்று எம்ஜிபி. இங்கிலாந்தின் அபிங்டனில் 1962 முதல் 1980 வரை 5 லட்சத்துக்கு மேல் தயாரானது. அதன் 14 அங்குல ரிம்மில் பெரும்பாலும் 165 அகல டயர் ஓடும். அதன் விட்டம் சுமார் 626 மில்லிமீட்டர். 5.5 அங்குல ரிம்மில் 185/70 போட்டால் விட்டம் 615. இரண்டு சதவீத வித்தியாசத்தைப் பொறுத்துக்கொள்ளலாம். சுலபமாகக் கிடைக்கிறதே என்று 185/65 போட்டால் 596. ஸ்பீடோமீட்டர் 100 காட்டும்போது கார் உண்மையில் 95-ல்தான் போகும். எஞ்சினும் அந்த அளவுக்குக் கூடுதலாகச் சுழன்று இரையும்.

எம்ஜிபியின் பின் ஆக்சில் லீஃப் ஸ்பிரிங்கின் மேல் உட்கார்ந்திருக்கிறது. வளைவில் அது பக்கவாட்டிலும் சற்று நகரும். நிறுத்தி வைத்த காரில் டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே விரல் நுழைகிறதே என்று திருப்திப்பட்டால் முதல் வளைவிலேயே உராயும் சத்தம் கேட்கும். பல எம்ஜிபிகளில் இடது பின்பக்கம் வலதைவிட இடம் குறைவு. வலது பக்கம் மட்டும் அளந்து வாங்கியவர்கள் ஏமாந்திருக்கிறார்கள். மட்கார்டின் உள்விளிம்பை உருளை வைத்து மேலே மடக்கிவிடலாம். தகட்டை வெட்டுவது வேறு. வெட்டியதைப் பழையபடி கொண்டுவர முடியாது.

அந்தக் காரின் கம்பி ஸ்போக் வீல்கள் அழகானவை. ஆனால் டயரின் பிடிப்பு கூடக் கூட வளைவில் ஸ்போக்குகளின் மேல் இழுவிசையும் கூடும்; அவை தளரும். அகல டயர் வேண்டுமென்றால் அதிக ஸ்போக் உள்ள வீலையோ, அலாய் வீலையோ தேடுவதுதான் சரி.

டயர் கடையில் அதிகம் பேசப்படாத ஒன்று ஆஃப்செட். ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து ஹப்பில் பொருந்தும் முகம் எவ்வளவு தள்ளி இருக்கிறது என்ற அளவு அது. ஆஃப்செட் மாறாமல் ரிம் ஓர் அங்குலம் அகலமானால் உள்ளேயும் வெளியேயும் சுமார் 13 மில்லிமீட்டர் நீளும். உள்ளே சஸ்பென்ஷனில் இடிக்கிறது என்று முழுவதையும் வெளியே தள்ளினால் வேறு தொல்லை. கதவை அதன் கீலிலிருந்து எவ்வளவு தள்ளித் தட்டுகிறோமோ அவ்வளவு வேகமாகத் திரும்பும் அல்லவா? அதுபோல, சக்கரம் திரும்பும் அச்சிலிருந்து டயர் விலக விலக, சாலையில் ஒரு கல் பட்டாலும் ஸ்டியரிங் கையை உதறும். பேரிங்கும் சீக்கிரம் தேயும். பவர் ஸ்டியரிங் இல்லாத காலத்துக் கார்கள் இவை. 911-க்கே அது 1989-ல்தான் வந்தது. அகல டயரோடு இப்படிப்பட்ட காரை இடுக்கான இடத்தில் நிறுத்தி எடுத்தால் தோள்பட்டை வலிக்கும்.

சாலையில் ஓட்டும் காருக்கு மூல அளவைவிட ஒருபடி மேலே போவது போதும். அதற்கு மேல் தேவைப்படுவது பந்தயத்துக்குத்தான். பல பழைய கார்களின் சோகம் டயரின் அகலத்தில் இல்லை, வயதில் இருக்கிறது. வருடத்துக்குச் சில நூறு கிலோமீட்டர் ஓடும் காரில் டயர் தேய்வதில்லை. ரப்பர் காய்ந்து கட்டையாகிவிடுகிறது. பிரெல்லி நிறுவனம் அன்றைய சின்டுராட்டோ டயர்களை அதே தோற்றத்தில், இன்றைய ரப்பர் கலவையில் மீண்டும் தயாரிக்கிறது. மூல அளவிலேயே புது டயர் மாட்டியதும் கார் புதிதாய்ப் பிறந்ததுபோல் ஓடுவதைப் பார்த்துவிட்டு, அகலமாக்கும் எண்ணத்தையே சிலர் விட்டுவிடுகிறார்கள்.

ஆகவே பணம் கட்டும் முன், இப்போதிருக்கும் டயரின் பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்க எண்ணைப் படியுங்கள். முதல் இரண்டு எண்கள் வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. அதன் பிறகும் அகல வீல்தான் வேண்டும் என்று முடிவு செய்தால், கழற்றிய பழைய நான்கு வீல்களையும் விற்றுவிடாதீர்கள். துடைத்து, உலர்ந்த இடத்தில் அடுக்கி வையுங்கள். அடுத்து அந்தக் காரை வாங்குபவர் முதலில் கேட்கப்போவது அவற்றைத்தான்.