குளிருக்கு ஒரு தொகை

நவம்பர் பிறந்தால் பிரிட்டனில் வீட்டைச் சூடாக்காமல் முதியோர் காலந்தள்ள முடியாது. இதற்கென்றே 1997-இல் தொழிற்கட்சி அரசு ஓர் உதவித் தொகையைத் தொடங்கியது. முதலில் பெரும்பாலான வீடுகளுக்கு 20 பவுண்டு, 2000-இல் 200, பின்னர் 80 வயதைத் தாண்டியவர்களுக்கு 300. ஏழை, பணக்காரர் என்ற பேதமில்லை. பெரும்பாலோருக்கு மனுவும் வேண்டாம்; பணம் தானாக வங்கிக்கு வந்துவிடும்.

2024 ஜூலையில் நிதியமைச்சர் ரேச்சல் ரீவ்ஸ் இதில் கை வைத்தார். ‘பென்ஷன் கிரெடிட்’ போன்ற வறியோர் சலுகை பெறுவோருக்கு மட்டுமே இனி என்றார். சுமார் 1 கோடிப் பேருக்கு அந்தக் குளிர்காலத்தில் தொகை நின்றது. செல்வந்தர் இழந்தால் பாதகமில்லை. அடிபட்டவர்கள் வேறு: தனியாளுக்கு வாரம் சுமார் 218 பவுண்டு என்ற வரம்பைச் சற்றே தாண்டியவர்கள், தகுதி இருந்தும் சலுகைக்கு மனுச் செய்யாதவர்கள். அந்த மனுவில் 200-க்கும் மேற்பட்ட கேள்விகள்! பாரம் நிரப்பியே பழகிய குமாஸ்தாவுக்கும் தலை சுற்றும்.

எதிர்ப்பு வலுக்கவே, 2025 ஜூனில் அரசு இறங்கி வந்தது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஆண்டு வருமானம் 35,000 பவுண்டுக்கு மேற்படாத முதியோருக்கு மீண்டும் தொகை உண்டு. மேற்பட்டவர்களிடம் வருமானவரி இலாகா பின்னர் பிடித்துக்கொள்ளும். சலித்தெடுக்கும் வேலை இலாகாவுடையது. கிழவர் பேனாவைத் தேட வேண்டியதில்லை.