சாத்தாவாரி: உணவும் சேமிப்பும்

மேல்நாட்டார் விரும்பியுண்ணும் அசுபரகசு எனும் தண்டுக்கீரையின் இனத்தைச் சேர்ந்ததே நம் நாட்டுச் சாத்தாவாரி. தமிழகத்தில் இது தண்ணீர்விட்டான் எனப்படும். உலர்வலயப் பற்றைகளில் தானாகவே வளரும் இம்முட்கொடியை, உடையார்கட்டு போன்ற குளத்தடிக் கிராமங்களில் வீட்டுத்தோட்ட வேலியோரத்தில் நட்டுப் பயன்பெறலாம்.

சத்து

மேல்நாட்டு இனத்தின் 100 கிராம் இளந்தண்டில் ஏறத்தாழ 93 கிராம் நீரும், 2.2 கிராம் புரதமும், 52 மைக்கிரோகிராம் போலிக் அமிலமும் உள்ளன. நம்மவர் உண்பது சாத்தாவாரியின் ஊசி போன்ற இலையையும் கிழங்கையுமாம். கிழங்கு தாய்ப்பாலைப் பெருக்கும் என்பது வைத்திய மரபு. எனினும் கர்ப்பிணிகளும் நோயாளரும் மருத்துவரைக் கேட்டே உண்ணல் வேண்டும்.

இலைக்கஞ்சி

நால்வருக்கு அரைச் சுண்டு அரிசியை உள்ளிப்பூண்டுடன் குழைய வேகவிடுக. முள் நீக்கிக் கழுவிய இலை இரு கைப்பிடியை இடித்துச் சாறு பிழிந்து வடித்துக்கொள்க. கஞ்சியில் தேங்காய்ப்பால் சேர்த்து, ஒரு கொதி வந்ததும் சாற்றையும் உப்பையும் இட்டு உடனே இறக்குக. நெடுநேரம் கொதித்தால் விற்றமின் சீ அழியும். பனங்கட்டியுடன் பருகலாம்.

சேமித்தல்

இலையைப் பறித்த அன்றே பயன்படுத்துக. அதுவரை ஈரத்துணியில் சுற்றி நிழலில் வைக்கலாம். கிழங்கைச் சிறிது நேரம் வெந்நீரிலிட்டுத் தோலுரித்து, நடுநரம்பை நீக்கி, ஒடியும் பதம் வரும்வரை வெயிலில் உலர்த்திக் காற்றுப் புகாப் போத்தலில் அடைக்குக. கொடி மீண்டும் தழைக்குமாறு கிழங்கில் ஒரு பகுதியை மண்ணிலேயே விடுக.

எச்சரிக்கை

அதே பற்றைகளில் கார்த்திகைப்பூக் கொடியும் படரும். அதன் கிழங்கில் கொல்சிசின் எனும் கொடிய நஞ்சுண்டு. வேகவைத்தாலும் அது நீங்காது. இரண்டையும் பிரித்தறிதல் எளிது. சாத்தாவாரியில் விரல் போன்ற பல கிழங்குகள் ஒரே கொத்தாக இருக்கும். கொடியில் முள் உண்டு. கார்த்திகைப்பூவின் கிழங்கு கலப்பை போல் இரு கவராக வளைந்திருக்கும். கொடியில் முள் இராது. இலைநுனி சுருண்டு பற்றும். கோடையில் அக்கொடி பட்டுப்போகக் கிழங்கு மட்டும் மண்ணுள் தங்கும். ஆதலால் கொடியைக் காணாது அகழ்ந்த கிழங்கை ஒருபோதும் உண்ணலாகாது.

தவறுதலாக உண்டவருக்குச் சில மணி நேரத்தில் வாந்தியும் வயிற்றோட்டமும் காணும். அவை தோன்றும்வரை காத்திராது, எஞ்சிய கிழங்கையும் எடுத்துக்கொண்டு உடனே அரசாங்க வைத்தியசாலைக்குச் செல்க. வேலியோரத்தில் தாமே நட்டு வளர்த்த சாத்தாவாரியில் இவ்வையம் குறைவு.