முதல் போன் யாருக்கு?

சென்னை சென்ட்ரலில் இரவு பத்து மணிக்குக் கிளம்பும் தமிழ்நாடு எக்ஸ்பிரஸில், சூட்கேஸைச் சங்கிலி போட்டுப் பூட்டி முடித்ததும் பெரியவர்கள் செய்கிற அடுத்த காரியம் போனை எடுப்பது. "ஏறிட்டோம்பா. ரெண்டும் லோயர் பெர்த்துதான். எதிர்ல ஒரு குடும்பம், நல்லவங்களாத்தான் தெரியுறாங்க." மறுமுனையில் குர்காவ்னில் மகன். அவனிடம் பேசி வைத்ததும் திருச்சியில் இருக்கும் மகளுக்கு அதே மூன்று வாக்கியம். அப்புறம் மகளின் மாமியாருக்கு, கொஞ்சம் மரியாதை கூட்டி, அதே மூன்று வாக்கியம். ரயில் பேசின் பிரிட்ஜ் தாண்டுவதற்குள் மூன்று போனும் முடிந்துவிடும்.

டெல்லிக்கு ஏறத்தாழ 2,180 கிலோமீட்டர். இரண்டு இரவு, ஒரு பகல். விஜயவாடா தூக்கத்தில் போய்விடும். பிறகு பல்லார்ஷா, நாக்பூர், போபால் என்று ஒவ்வொரு பெரிய ஸ்டேஷனுக்கும் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு வரி, ஒரு ஜன்னல் படம். நாக்பூர் தாண்டிச் சாத்பூரா மலையில் சுரங்கமும் காடுமாக வரும் இடத்தில் சிக்னல் விட்டுவிட்டுத்தான் கிடைக்கும். மறுபடி கிடைக்கும்போது மகளிடமிருந்து "எங்க இருக்கீங்க?" வரிசையாக வந்து விழும்.

பிள்ளைகள் ஊருக்கு ஒருவராகப் பிரிந்து கிடக்கும் வீடுகளில், ஓய்வு பெற்ற பெற்றோருக்கு இப்படி ஒரு சுற்று அமைந்துவிடுகிறது. பொங்கல் கழிந்ததும் மூத்தவன் வீடு. கோடை விடுமுறைக்கு மகள் வீடு. நடுவில் புனேயில் தம்பி பேரனுக்குக் காதுகுத்து. அவ்வளவு தூரம் போனவர்கள் காசியை விடுவார்களா? அதுவும் சேர்ந்துகொள்ளும். ஊர் திரும்ப மூன்று மாதம் ஆகலாம். அந்த மூன்று மாதமும் அவர்கள் எங்கே இருக்கிறார்கள், எப்படி இருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள வேண்டியவர்கள் குறைந்தது பத்துப் பேர்.

சேதி சொல்வது இப்போது சுலபமாகிவிட்டது என்கிறார்கள். 'சேர்ந்துவிட்டோம்' என்று சொல்வதில் எந்தக் காலத்திலும் பெரிய கஷ்டம் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. யாருக்கு முதலில் சொல்வது, எதை யார் காதுபடச் சொல்வது, எதைச் சொல்லாமல் வைத்திருப்பது என்பதில்தான் குடும்பங்கள் மண்டையை உடைத்துக்கொண்டு வந்திருக்கின்றன. கருவி மாறும்போதெல்லாம் ஒட்டுக்கேட்கிற ஆளும் மாறினார், அவ்வளவுதான்.

இந்தியாவில் 1879-ல் வந்த போஸ்ட் கார்டில் ஒளிவுமறைவு கிடையாது. தபால்காரர் படிப்பார், எழுதப் படிக்கத் தெரியாத வீட்டில் அவரே உரக்கப் படித்தும் காட்டுவார். அதனால் கார்டில் "இங்கு யாவரும் நலம், அங்கு அனைவரின் நலமறிய அவா" என்பதற்கு மேல் போக மாட்டார்கள். மருமகள் முகம் கொடுத்துப் பேசவில்லை, மாப்பிள்ளை வேலையை விட்டுவிட்டார் என்பதற்கெல்லாம் இன்லேண்ட் லெட்டர். 1950 அக்டோபர் 2-ல் அது வந்தது. நீல நிறத் தாள், மடித்து ஒட்டினால் கடிதமும் அதுவே, உறையும் அதுவே. இடம் தீர்ந்ததும் ஓரமெல்லாம் செங்குத்தாக எழுதி, உண்மையான விஷயத்தைக் கடைசி மடிப்பில் நுணுக்கி வைப்பார்கள். ஒட்டாத பக்கத்தை லேசாக உப்ப வைத்து உள்ளே எட்டிப் பார்க்கிற கில்லாடிகளும் எல்லா வீட்டிலும் இருந்தார்கள். கார்டு 50 காசுக்கும் இன்லேண்ட் இரண்டரை ரூபாய்க்கும் பல காலம் கிடைத்தன. வாங்குகிற ஆள்தான் குறைந்துபோனார்.

தந்தி கதை வேறு. சேர்ந்த சேதியைத் தந்தியில் சொன்னவர்கள் பெரும்பாலும் உத்தியோகஸ்தர்கள். மற்ற வீடுகளில் தந்திக்காரர் சைக்கிள் தெருமுனையில் திரும்பினாலே அழுகை ஆரம்பித்துவிடும், பிரித்துப் படிக்கும் முன்பே. நல்ல சேதி சொல்லப் போய்ப் பாட்டிக்கு மயக்கம் வரவழைப்பானேன் என்று கார்டோடு நிறுத்திக்கொண்டார்கள். 2013 ஜூலையில் தந்தி சேவை முடிந்தபோது, கடைசி நாளன்று நினைவுக்காக ஒன்று அனுப்பிப் பார்க்கக் கூட்டம் கூடியது. அவர்களில் பாதிப் பேர் அதற்குமுன் ஒரு தந்தியாவது கொடுத்திருப்பார்களா என்பது சந்தேகம்தான்.

டிரங்க் கால் பக்கத்து வீட்டுக்கு வரும். விசிட்டிங் கார்டிலேயே எண்ணுக்குப் பக்கத்தில், அது பக்கத்து வீட்டு எண் என்பதற்கு அடையாளமாக, பிபி என்று அச்சடித்திருப்பார்கள். அந்த வீட்டுக் கூடத்தில் நின்றுகொண்டு, அவர்கள் சாப்பிடும் நேரத்தில், "ஆமாம்மா... சரிம்மா... நல்லா இருக்கோம்மா" என்பதைத் தவிர என்ன பேச முடியும்? பிறகு மஞ்சள் பலகை போட்ட எஸ்டிடி பூத் வந்தது. இரவு பதினொன்றுக்கு மேல் கால் பங்குக் கட்டணம் என்பதால் பத்தரைக்கே வரிசை நிற்கும். கண்ணாடிக் கூண்டுக்குள் சிவப்பு எண்கள் ஓட ஓடப் பேச்சும் வேகமெடுக்கும். கூண்டு அடைத்திருந்தாலும் டெல்லிக்குக் கேட்கிற மாதிரி கத்தினால் தெருவுக்கும் கேட்கத்தானே செய்யும்.

செல்போன் வந்த புதிதில் எடுத்தாலே காசு. அது 2003-ல் தீர்ந்தாலும் மாநில எல்லை தாண்டினால் ரோமிங் கட்டணம் காத்திருந்தது. கும்மிடிப்பூண்டி தாண்டியதும் போனை அணைத்து வைத்தவர்களை எனக்குத் தெரியும். ஊர் போய்ச் சேர்ந்ததும் ஒரு மிஸ்டு கால். ஒரு ரிங் என்றால் வந்தாச்சு, இரண்டு ரிங் என்றால் திருப்பிக் கூப்பிடு. ஜியோ வந்து, அடுத்த ஆண்டு 2017-ல் பெரிய நிறுவனங்கள் ரோமிங் கட்டணத்தைக் கைவிட்ட பிறகு இந்த ரிங் கணக்கும் வழக்கொழிந்தது.

இப்போது குழுவுக்கு வருவோம். அதில் மகன் இருக்கிறான், மகள் இருக்கிறாள், மருமகள், மாப்பிள்ளை, பெரியப்பா, அமெரிக்காவில் இருக்கும் சித்தப்பா பையன் என்று எல்லோரும் இருக்கிறார்கள். ஆகவே அது மறுபடியும் போஸ்ட் கார்டுதான். மருமகள் செய்த அடைக்குப் படம் வரும், பேரன் ஓவியத்துக்குக் கைதட்டல் வரும். "அவன் ராத்திரி ஒரு மணி வரைக்கும் லேப்டாப்பைக் கட்டிக்கிட்டு அழறான், உடம்பு பாதியா போச்சு" என்று மகனைப் பற்றிச் சொல்வது குழுவில் வராது. அதற்கு மத்தியானம் மூன்று மணி, அம்மா மொட்டை மாடியில் துணி எடுக்கப் போகிற நேரம். மகளுக்குத் தனியாகப் போன் போகும். மகள் அங்கிருந்து தம்பிக்கு வேறு விதமாக, காரணம் சொல்லாமல், "எதுக்கும் ஒரு மாஸ்டர் செக்கப் பண்ணிக்கோயேன்" என்பாள். ஒரு பிள்ளை வீட்டிலிருந்து இன்னொரு பிள்ளை வீட்டுக்குப் போகிற தாய் முறுக்கு டப்பாவை மட்டும் எடுத்துப் போவதில்லை. அங்கே பார்த்ததில் எதை இங்கே சொல்லலாம், எதைச் சொன்னால் சண்டை வரும் என்று தரம் பிரித்துவைத்த மூட்டையும் கூடப் போகிறது. இந்த வேலைக்கு வெளியுறவுத் துறையில் தனிச் சம்பளம் உண்டு.

வரிசை இன்னும் நாசூக்கானது. காசியில் இறங்கியதும் யாரோ ஒருவர் கங்கை ஆரத்தியை ஸ்டேட்டஸில் போட்டுவிடுகிறார். அடுத்த பத்து நிமிடத்தில் சம்பந்தி அம்மாள் பார்த்துவிடுகிறார். "காசிக்குப் போறதை ஒரு வார்த்தை சொல்லலையே" என்பது அப்புறம் வளைகாப்பு வரை வரும். அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் மூத்தவர்களுக்கும் சம்பந்தி வீட்டுக்கும் வாயால் சொல்லிவிட்டுப் பிறகுதான் படம் போடுகிறார்கள். ஸ்மார்ட்போன் இல்லாத அத்தை, ஊரில் தனியாக இருக்கும் பெரியம்மா போன்றவர்களுக்கு ஸ்டேட்டஸும் கிடையாது, குழுவும் கிடையாது. எல்லோருக்கும் சொல்லியாச்சு என்ற நினைப்பில் இவர்களைத்தான் மறந்துபோகிறார்கள்.

சொல்லாமல் வைத்திருப்பதற்கு வருவோம். குர்காவ்ன் குளியலறையில் அப்பா வழுக்கி விழுந்துவிட்டார் என்று வையுங்கள். "எக்ஸ்ரே வரட்டும், அதுவரைக்கும் அக்காகிட்ட சொல்ல வேணாம், பதறுவா." நல்ல எண்ணத்தில் எடுக்கிற முடிவுதான். ஆனால் தினமும் காலை ஆறு மணிக்குக் குழுவில் ரோஜாப்பூவோடு குட்மார்னிங் போடுகிறவர் அப்பா. பலரும் சலித்துக்கொள்கிற அந்தப் பூப்படம் உண்மையில் ஆஜர் பட்டியல். அது ஏழு மணி வரை வராவிட்டால் திருச்சியில் மகளுக்குக் கை கால் ஓடாது. மறைத்தது எட்டு மணிக்குத் தெரிந்துவிடும், விழுந்த வருத்தத்தோடு மறைத்த கோபமும் சேரும். "விழுந்துட்டார், நினைவோட இருக்கார், டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறேன், பன்னெண்டு மணிக்குக் கூப்பிடறேன்" என்று நான்கு துண்டாக உடனே சொல்லிவிடுவது மேல் என்பது என் கட்சி. அடுத்து எப்போது கூப்பிடுவேன் என்பதைச் சொன்னால் கேட்பவருக்குப் பிடித்துக்கொள்ள ஒரு நேரம் கிடைக்கிறது.

இதெல்லாம் வசதியுள்ளவர்களின் கவலை என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ள வேண்டியதுதான். 2023 ஜூன் 2 மாலை, ஒடிசாவின் பாலசோர் மாவட்டத்தில் பஹானகா பஜார் ஸ்டேஷன் அருகே, ஷாலிமாரிலிருந்து சென்னைக்கு வந்துகொண்டிருந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸ் விபத்துக்குள்ளானது. 290 பேருக்கு மேல் இறந்தார்கள். முன்பதிவு செய்தவர்களின் பட்டியல் ரயில்வேயிடம் இருந்தது. அதை வைத்துத் தமிழ்நாட்டுக்காரர்களைப் போனில் ஒவ்வொருவராகத் தேட முடிந்தது. முன்பதிவில்லாப் பெட்டிகளில் இருந்தவர்களுக்குப் பட்டியலே கிடையாது. அந்த டிக்கெட்டில் பெயர் இருக்காது. வங்காளத்திலிருந்தும் பீகாரிலிருந்தும் தெற்கே கட்டட வேலைக்கும் ஓட்டல் வேலைக்கும் வந்துகொண்டிருந்தவர்கள் அதில் பலர். அவர்களைத் தேடி வந்த குடும்பங்கள் புவனேஸ்வர் எய்ம்ஸில் படங்களைப் பார்த்து அடையாளம் தேடின, மரபணுச் சோதனைக்கு ரத்தம் கொடுத்தன. யாரும் உரிமை கோராத 28 உடல்கள் நான்கு மாதம் கழித்து அக்டோபரில் புவனேஸ்வரிலேயே எரிக்கப்பட்டன.

பதிவில்லாமல் பயணம் செய்கிறவர் அந்த ரயிலில்தான் இருந்தார் என்பதற்கு, அவர் வீட்டுக்குச் சொன்ன ஒரு வார்த்தையைத் தவிர வேறு சாட்சி இல்லாமல் போகலாம். ரயில் எண், ஏறிய ஸ்டேஷன், பெட்டி முன்னாலா பின்னாலா, கூட வருகிறவர் போன் நம்பர், இவ்வளவையும் கிளம்பும் முன் ஒருவருக்கு அனுப்பி வைப்பது அவர்களுக்குத்தான் எல்லோரையும்விட அவசியம். திருப்பூர் ஸ்டேஷனில் மூட்டையோடு நிற்கிற பையன்கள் வீடியோ காலில் பெட்டியைச் சுற்றிக் காட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஊரில் இருக்கும் அம்மாவுக்கு அதுதான் பட்டியல்.

வழியில் அகப்பட்டுக்கொள்கிற இடம் ஒன்று உண்டு. கன்னியாகுமரியிலிருந்து கட்ரா வரை, 3,700 கிலோமீட்டருக்கு மேல், ஹிம்சாகர் எக்ஸ்பிரஸ் ஓடுகிறது. வைஷ்ணவதேவி தரிசனத்துக்கு அதில் போகும் நம் ஊர்க்காரர்களின் போன் பஞ்சாப் தாண்டியதும் ஊமையாகிவிடும். வெளிமாநில ப்ரீபெய்டு சிம் ஜம்மு காஷ்மீரில் வேலை செய்யாது, போஸ்ட்பெய்டு செய்யும். இது தெரியாமல் போய், மலையேறி இறங்குகிற வரைக்கும் வீட்டோடு தொடர்பே இல்லாமல், இங்கே வீட்டில் போலீசுக்குப் போகலாமா என்று பேசிக்கொண்டிருந்த கதைகள் உண்டு. குழுவாகப் போகிறவர்களில் இரண்டு பேரிடமாவது போஸ்ட்பெய்டு இருக்கட்டும். எல்லை வருவதற்கு முன்பே "இனிமே இந்த நம்பருக்குத்தான் கூப்பிடணும்" என்று வீட்டில் சொல்லிவிடுங்கள்.

வாட்ஸ்அப்பில் நேரலை இருப்பிடம் பகிரலாம், அதிகபட்சம் எட்டு மணி நேரம். இரவு டாக்சியில் தனியாக வருகிற பெண்ணுக்கு அது பெரிய துணை. ஆனால் பெற்றோர் ரயிலில் போகும்போது அந்த நீலப் புள்ளியை மகன் ஆபீஸ் மீட்டிங்கில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பது எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. பார்க்கப் பார்க்கப் பயம்தான் கூடும், பேட்டரியும் போகும். ரயில் எங்கே என்று தெரிய வேண்டுமானால் ரயில்வேயின் செயலியும் 139-ம் இருக்கின்றன. அப்பாவைத் தூங்கவிடுங்கள். பிஎன்ஆர் எண்ணையும் பெட்டி, பெர்த் எண்ணையும் வாங்கி வைத்துக்கொண்டால் போதும். டிக்கெட்டைப் படம் எடுத்து ஸ்டேட்டஸில் போடுவது வீடு காலி என்று திருடனுக்கு அழைப்பிதழ் வைப்பது போலத்தான். விடுமுறை வந்தால் பூட்டிய வீட்டைப் பற்றிக் காவல் நிலையத்தில் சொல்லிவிட்டுப் போங்கள் என்று போலீஸ் கேட்டுக்கொள்வதை யார் காதில் வாங்குகிறார்கள்?

குடும்பக் குழுவில் இல்லாத, ஆனால் எல்லாச் சேதியும் தெரிய வேண்டிய இன்னொருவர் சாவி வைத்திருக்கும் எதிர்வீட்டு மாமி. மோட்டார் போடுவதும் துளசிக்குத் தண்ணீர் ஊற்றுவதும் கேஸ் சிலிண்டரை வாங்கி வைப்பதும் அவர் பொறுப்பு. சுற்று முடிந்து திரும்பும் ரயில் நாக்பூர் தாண்டும்போது அவருக்கு ஒரு போன் போகும். "நாளைக் காலைல வந்துடுவோம் மாமி, பால் ரெண்டு பாக்கெட் போடச் சொல்லிடுங்க." அவர் பாலைக் குறித்துக்கொண்டு, மூன்று மாதச் சேதியை அப்போதே ஆரம்பிப்பார்: கீழ்வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்தவர்கள், தண்ணீர் வரி நோட்டீஸ், தெருவில் தோண்டிப் போட்ட பள்ளம், உங்கள் வீட்டுக் கல்யாண முருங்கை காற்றில் சாய்ந்து எங்கள் சுவரில் விழுந்தது. "வெளியூர்ல இருந்தப்ப சொன்னா கவலைப்படுவீங்கன்னுதான் சொல்லல" என்பார்.